வால் எந்தப் பக்கம்?

அறிவியல் மன்றக் கூட்டம் ஒன்றில் ஒரு நாள் எளிய வினா ஒன்று எழுந்தது. "வால்மீன் ஓடும்போது அதன் வால் எந்தப் பக்கம் இருக்கும்?" என்பதே அது. "இதென்ன கேள்வி, பின்பக்கந்தான்!" என்று பலர் ஒரே குரலில் விடை கூறினர். மாட்டுக்கும் குதிரைக்கும் காற்றாடிக்கும் வால் பின்னால் இருக்கக் கண்டு பழகிய நமக்கு வேறு விடை தோன்றாதது இயல்பே. ஆனால் விடை தவறு. வால்மீனின் வால் எப்போதும் கதிரவனுக்கு எதிர்ப்புறமாகவே நீளும். வால்மீன் கதிரவனை நோக்கி வரும்போது வால் பின்னால் இருக்கும்; கதிரவனைச் சுற்றித் திரும்பிப் போகும்போதோ வால் முன்னே செல்ல, தலை அதன் பின்னே செல்லும்! ஏனெனில் வாலை உண்டாக்குவது வால்மீனின் ஓட்டம் அன்று; கதிரவனிடமிருந்து ஓயாமல் வீசும் துகள்காற்றும், கதிரவனின் ஒளி தரும் அழுத்தமுமே.

இந்தப் பாடத்தைப் பிழையறக் கற்ற பெரிய அறிஞர்களே வேறோர் இடத்தில் அந்தப் பாடத்தாலேயே தடுமாறினார்கள். அதையே இங்கு நாம் சொல்ல வந்தோம்.

மார்கழி, தை மாதங்களில் முன்னிரவு வேளையில் வடக்கு வானத்தை நிமிர்ந்து பார்த்தால் பெர்சியஸ் என்னும் விண்மீன் கூட்டம் தெரியும். அதில் அல்கால் என்றொரு விண்மீன் உண்டு. ஏறத்தாழ மூன்று நாட்களுக்கு ஒரு முறை அது சில மணி நேரம் ஒளி மங்கிப் பின் தெளியும். பொறுமையுள்ளவர்கள் மொட்டை மாடியிலிருந்தே இதைக் கவனிக்கலாம். அல்காலுக்குச் சற்றுக் கிழக்கே, வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே இல்லாதது போல் தோன்றும் இடத்தில், ஆயிரம் அளவிலான விண்மீன் திரள்கள் ஒன்றாகக் குழுமி இருக்கின்றன. விண்மீன் திரள் என்றால் என்ன என்பதை நினைவுபடுத்திக் கொள்வோம். நம் கதிரவனைப் போன்ற விண்மீன்கள் பத்தாயிரம் கோடிக்குக் குறையாமல் ஒன்று சேர்ந்ததே நம் பால்வீதித் திரள். அத்தகைய திரள்கள் ஆயிரம் கூடிய கூட்டத்தைப் பெர்சியஸ் கொத்து என்கிறோம். அதன் தொலைவு ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டுகள். இன்று நம்மை வந்தடையும் அதன் ஒளி, பூமியில் டைனோசர்கள் தோன்றிய காலத்தை ஒட்டிப் புறப்பட்ட ஒளி.

கொத்தின் நடுவே வீற்றிருப்பது என்.ஜி.சி. 1275 என்ற பெருந்திரள். சற்றுத் தள்ளி என்.ஜி.சி. 1265, ஐ.சி. 310 என்ற வேறு இரு திரள்கள் உள்ளன. பெயர்களைக் கண்டு மலைக்க வேண்டாம். அவை பழைய வானியல் பட்டியல்களில் உள்ள வரிசை எண்களே. கண்ணாடித் தொலைநோக்கி வழியே பார்த்தால் 1265 ஒரு மங்கிய வட்டத் திட்டு, அவ்வளவே. வாலும் இல்லை, வேறு விசேஷமும் இல்லை.

ஆனால் திரள்கள் ஒளியை மட்டுமா அனுப்புகின்றன? நம் வீட்டு வானொலிப் பெட்டி ஏற்பது போன்ற ரேடியோ அலைகளையும் அவற்றுள் பல அனுப்புகின்றன. அவற்றைப் பிடிக்கக் கிண்ண வடிவ ஏரியல்கள் வேண்டும். இங்கே ஒரு தொல்லை. ரேடியோ அலையின் நீளம் ஒளி அலையின் நீளத்தைப் போல் பல லட்சம் மடங்கு. ஆகையால் ஒளியில் தெரிவது போன்ற தெளிவான படம் வேண்டுமானால் கிண்ணமும் அந்த விகிதத்தில் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு மைல் அகலக் கிண்ணத்தை யார் கட்டுவது?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் ரைல் இதற்கு ஓர் உபாயம் கண்டார். பெரிய கிண்ணம் ஒன்றிற்குப் பதிலாகச் சிறிய கிண்ணங்கள் சிலவற்றைத் தள்ளித் தள்ளி வைத்தார். ஒவ்வொன்றும் பெறும் அலைகளை ஒன்றோடொன்று கூட்டி ஒப்பிட்டார். பூமி சுழலச் சுழல, வானிலிருந்து பார்த்தால் அந்தக் கிண்ணங்களும் ஒன்றையொன்று சுற்றி வருவது போலிருக்கும். ஒரு நாள் ஒரு தொலைவில் வைத்து அளப்பது; மறுநாள் ஒரு கிண்ணத்தைத் தண்டவாளத்தின்மேல் நகர்த்தி வேறு தொலைவில் அளப்பது. வாசலில் கோலமிடுபவள் வரிசை வரிசையாகப் புள்ளி வைத்து முடித்த பிறகே கோலம் உருவாகிறது அன்றோ? அவ்வாறே, எல்லா அளவுகளும் சேர்ந்த பின் கணிப்பொறி படத்தை வரைந்து தரும். 1964இல் இயங்கத் தொடங்கிய ரைலின் 'ஒரு மைல்' தொலைநோக்கியில் இருந்தவை 18 மீட்டர் அகலமுள்ள மூன்றே கிண்ணங்கள். இவ்வுத்திக்காக ரைல் 1974இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டு அப்பரிசைப் பகிர்ந்து கொண்டவர் ஆன்டனி ஹியூவிஷ். துடிவிண்மீன்களின் கண்டுபிடிப்பில் அவருக்கிருந்த பங்கிற்காக அது வழங்கப்பட்டது. ஆனால் 1967இல் அவற்றின் துடிப்பை முதலில் கண்ணுற்றவர் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி. பரிசில் அவர் பெயர் இல்லை. இதை நம் மாணவியர் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இனி, பெர்சியஸுக்குத் திரும்புவோம்.

1968இல் ரைலும் அவருடன் பணியாற்றிய விண்ட்ரமும் பெர்சியஸ் கொத்தின் ரேடியோ படத்தை வெளியிட்டனர். என்.ஜி.சி. 1265 இருக்கும் இடத்தில் பளிச்சென்று ஒரு தலை. அதிலிருந்து ஒரே பக்கமாக மங்கி மங்கி நீளும் ஒரு வால். ஐ.சி. 310க்கும் அவ்வாறே ஒரு வால். ஒளிப்படத்தில் வட்டத் திட்டாக அமைதியாக இருந்த திரள்களுக்கு ரேடியோ படத்தில் வால்! அந்த வாலின் நீளமோ திரளின் உருவத்தையும் விஞ்சி லட்சக்கணக்கான ஒளியாண்டுகள்.

வால் எங்கிருந்து வந்தது? இவ்விடத்தில்தான் வால்மீன் குறுக்கே வந்தது. இரண்டு வால்களும் நடுவிலுள்ள என்.ஜி.சி. 1275க்கு எதிர்ப்புறமாக நீண்டிருந்தன. அந்த நடுத்திரளோ அமைதியானது அன்று. அதன் மையம் கொந்தளிப்பானது என்று 1943லேயே கார்ல் சீபெர்ட் கண்டிருந்தார். அது வலிமை மிக்க ரேடியோ ஊற்றும் ஆகும். எனவே ரைலும் விண்ட்ரமும், நடுத்திரளிலிருந்து வேகமிக்க துகள்கள் வீசுகின்றன, அவை தாக்குவதாலேயே இவற்றிற்கு வால் உண்டாகிறது என்று கருதினர். நடுத்திரள் கதிரவன், மற்ற இரண்டும் வால்மீன்கள். எத்துணைப் பொருத்தம்! இருந்த சான்றுகள் இரண்டு, இரண்டும் ஒத்துப்போயின. நாம் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்போம்.

ஆனால் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஒரு பெண்ணின் துப்பட்டா ஒரு பக்கமாகப் பறப்பதைப் புகைப்படத்தில் காண்கிறோம். அவள் காற்று வீசும் மாடியில் அசையாமல் நிற்கிறாளா, அல்லது காற்றே இல்லாத தெருவில் சைக்கிளில் விரைகிறாளா? படத்தைக் கொண்டு சொல்ல முடியாது. இரண்டிலும் துப்பட்டா ஒன்றுபோலவே பறக்கும். படத்தில் இருவர் இருந்து, இருவர் துப்பட்டாவும் ஒரு மின்விசிறிக்கு எதிர்ப்புறமாகப் பறந்தால், விசிறியே காரணம் என்போம். அதே படத்தில் மூன்றாமவள் ஒருத்தி இருந்து, அவள் துப்பட்டா மட்டும் விசிறிக்கு இணங்காமல் வேறு பக்கம் பறந்தால்?

அந்த மூன்றாமவளைக் கண்டுபிடித்தது நெதர்லாந்து நாட்டு வெஸ்டர்போர்க் தொலைநோக்கி. 25 மீட்டர் கிண்ணங்கள் பன்னிரண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்தில் ஒரே வரிசையாக நிற்க, 1970இல் அது பணி தொடங்கியது. வெஸ்டர்போர்க் என்ற பெயரை நம்மில் சிலர் வேறொரு நூலின் வாயிலாக அறிந்திருக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது யூத மக்களை அடைத்து வைத்து, மரண முகாம்களுக்கு ரயிலேற்றி அனுப்பிய இடம் அது. நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் பிராங்க் 1944 செப்டம்பரில் ஆஷ்விட்சுக்குக் கொண்டு செல்லப்பட்டது அங்கிருந்துதான். அந்த முகாம் நிலத்தருகே இன்று கிண்ணங்கள் வானை நோக்கி நிற்கின்றன.

1972இல் மைலி, பெரோலா, வான் டெர் க்ரூட், வான் டெர் லான் ஆகிய நால்வர் வெஸ்டர்போர்க்கின் படங்களை வெளியிட்டனர். பெர்சியஸ் கொத்தில் சி.ஆர். 15 என்ற சிறிய திரளுக்கும் ஒரு வால் இருந்தது. அந்த வால் நடுத்திரளுக்கு எதிர்ப்புறமாக நீளவில்லை. நடுவிலிருந்து காற்று வீசுவது உண்மையானால் இது மட்டும் ஏன் இணங்கவில்லை? மேலும், 3 சி 129 என்ற மற்றொரு திரள் வேறொரு கொத்தில் உள்ளது. அதற்கும் நீண்ட வால் இருந்தது.

நால்வரும் சொன்ன விளக்கம், நம் மன்றத்தில் ஒரே குரலில் எழுந்த விடையைப் போன்றதே. வால் பின்பக்கந்தான்! திரள் ஓடுகிறது, வால் அதன் பின்னே தங்கிப்போன தடம். வால்மீன் விஷயத்தில் தவறாய்ப் போன விடை திரள் விஷயத்தில் சரியாயிற்று. கற்றவர் சொன்ன வால்மீன் உவமை இங்கே உதவவில்லை.

ஆனால் 'பின்பக்கம்' என்று சொன்னால் மட்டும் போதாது. ஏன் பின்பக்கம் என்பதற்கும் காரணம் வேண்டுமே! வெற்றிடத்தில் ஓடுபவளின் துப்பட்டா பறக்காது. துப்பட்டா பறக்கக் காற்று வேண்டும். திரளுக்கும் திரளுக்கும் நடுவே காற்று ஏது?

விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1970 டிசம்பர் 12ஆம் நாள் கென்யக் கடற்கரையை அடுத்த ஏவுதளம் ஒன்றிலிருந்து, எக்ஸ் கதிர்களைக் காண்பதற்கென்றே அமைந்த முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அன்று கென்யாவின் விடுதலை நாள். எனவே சுவாகிலி மொழியில் விடுதலை எனப் பொருள்படும் 'உஹூரு' என்ற பெயர் அதற்கு அமைந்தது. பெர்சியஸ் போன்ற கொத்துகளில் எக்ஸ் கதிர் ஒரு புள்ளியிலிருந்து வராமல் பரந்த வெளியெங்கும் இருந்து வருவதை அது காட்டியது. திரள்களுக்கு இடைப்பட்ட வெளி வெறுமையானது அன்று. கோடிக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள வாயு அங்கே நிறைந்திருக்கிறது. அந்த வாயுவோ மிக மிக மெல்லியது. என்.ஜி.சி. 1265 இருக்கும் பகுதியில் ஒரு லிட்டர் பாத்திரம் கொள்ளும் இடத்தில் ஏறத்தாழ ஒரு துகளே இருக்கும். நம் அறையிலுள்ள காற்றை அதனோடு ஒப்பிடவும் கூடாது.

இத்துணை மெல்லிய வாயுவா வாலை வளைக்கிறது என்று நீங்கள் ஐயுறலாம். திரளின் வேகத்தைக் கணக்கிட்டால் ஐயம் நீங்கும். ஒளியின் நிறமாலையில் உள்ள கோடுகள் சிவப்புப் பக்கமாக நகர்வதைக் கொண்டு ஒரு பொருள் நம்மை விட்டு விலகும் வேகத்தை அறியலாம். பெர்சியஸ் கொத்து மொத்தத்தில் நொடிக்கு ஏறத்தாழ 5,400 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது. என்.ஜி.சி. 1265 மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 7,500 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது. அதாவது கொத்துக்குள்ளேயே அது நொடிக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. சென்னையில் புறப்பட்டால் ஒரு நொடிக்குள் டில்லியைத் தாண்டிவிடும்! எதிர்காற்றின் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. வேகம் பத்து மடங்கானால் அழுத்தம் நூறு மடங்கு. வேகமாகச் சைக்கிள் மிதித்தவர்கள் இதை முகத்தில் உணர்ந்திருப்பார்கள். மெல்லிய வாயுவையும் வன்காற்றாக ஆக்குவது இந்த வேகமே.

இன்னொன்றும் இதில் விளங்குகிறது. திரள் நம்மைவிட்டு விலகி ஓடுவதால் அதன் வால் நம் பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. ஆகவே நாம் படத்தில் காண்பது வாலின் முழு நீளம் அன்று. குறுகித் தெரியும் தோற்றமே.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒளியின் வேகம் நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர். திரளின் வேகத்தை 2,000 என்று கொண்டால் அது ஒளியின் வேகத்தில் 150இல் ஒரு பங்கு. ஓர் ஒளியாண்டு தொலைவைக் கடக்கத் திரளுக்கு 150 ஆண்டுகள் வேண்டும். ஒரு லட்சம் ஒளியாண்டு நீளமுள்ள தடத்தைப் பதிக்க 150 லட்சம், அதாவது ஒன்றரைக் கோடி ஆண்டுகள் ஆகும். வாலின் நுனியில் உள்ளது அத்தனை காலத்திற்கு முன் திரளிலிருந்து புறப்பட்ட பொருள். ஆகவே வால் என்பது ஒரு நாட்குறிப்பு. தலையருகே இன்றைய பக்கம், நுனியில் பழைய பக்கம்.

அப்படியானால் அந்தப் பொருள் யாது, அதை உமிழ்வது எது? 1972இல் பலர், திரளின் மையம் விட்டு விட்டு வாயுக் குமிழ்களை எறிகிறது என்று எண்ணினர். 1978இல் ஓவன், பர்ன்ஸ், ரட்னிக் ஆகிய மூவர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அப்போது கட்டப்பட்டு வந்த மாபெரும் ஏரியல் வரிசையைக் கொண்டு என்.ஜி.சி. 1265ஐக் கூர்ந்து நோக்கினர். குமிழ்கள் அல்ல, மையத்திலிருந்து இரு பக்கமும் அறுபடாமல் பாயும் இரண்டு மெல்லிய தாரைகள் தெரிந்தன. திரளின் நடுவே அமர்ந்த பெருங்கருந்துளையை நெருங்கும் பொருளில் ஒரு பகுதி உள்ளே விழாமல் இவ்வாறு எதிரெதிர்த் திசைகளில் பீச்சப்படுகிறது. அமைதியான இடமாயின் இரு தாரைகளும் நேராக நீண்டிருக்கும். இங்கோ எதிர்காற்று அடிக்கிறது. தோட்டத்துக் குழாயிலிருந்து பீறிடும் நீர் பலத்த காற்றில் வளைவதைப் போல, இரு தாரைகளும் பின்பக்கமாக வளைந்து, பின்னர் ஒன்றாகக் கலந்து வாலாகின்றன. 1979இல் பெகல்மன், ரீஸ், பிளாண்ட்போர்ட் ஆகியோர் இந்த இரட்டைத் தாரை விளக்கத்தைக் கணித வடிவில் தந்தனர்.

தாரையில் உள்ள எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை ஒட்டி விரைபவை. காந்தப் புலத்தில் சுருள் சுருளாகச் சுற்றும்போது அவை ரேடியோ அலைகளை வெளியிடுகின்றன. அதனால் ஆற்றலை இழக்கின்றன. ஆற்றல் மிகுந்தவை விரைவில் செலவழித்து ஓய்ந்துபோகும்; ஆற்றல் குறைந்தவை நெடுநாள் தாக்குப் பிடிக்கும். ஆகவே குறுகிய அலைநீளத்தில் படம் எடுத்தால் வால் குட்டையாகவும், நீண்ட அலைநீளத்தில் எடுத்தால் வால் நீளமாகவும் தெரியும். நீண்ட அலைகளுக்கெனவே அமைந்த பெருந்தொலைநோக்கி ஒன்று நம் நாட்டிலும் உண்டு. புனேக்கு வடக்கே நாராயண்காவ் அருகில் 45 மீட்டர் கிண்ணங்கள் முப்பதைக் கொண்டது அது. உதகைக்கு அருகே மலைச்சரிவில் 1970இல் ரேடியோ தொலைநோக்கியை நிறுவிய கோவிந்த் ஸ்வரூப்பே இதையும் உருவாக்கினார். மேலே சொன்ன 3 சி 129இன் வாலை 2004இல் இத்தொலைநோக்கியைக் கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள்.

இத்துடன் கதை முடிந்தது என்று நினைத்தால், திரள்கள் நினைக்க விடுவதில்லை. என்.ஜி.சி. 1265இன் வாலை நீண்ட அலைகளில் பார்த்தபோது, அதன் மங்கிய நுனி நேராகப் போகாமல் வளைந்து திரும்பியது. நேர்கோட்டில் பாயும் திரளுக்கு வளைந்த தடம் எப்படி? 2011இல் பிப்ரோமர், ஜோன்ஸ் இருவரும் அந்த மங்கிய பகுதி வேறொரு காலத்துப் பழைய குமிழாக இருக்கலாம், கொத்துக்குள் விழும் வாயுவின் அதிர்ச்சி அலை அதை மீண்டும் ஒளிரச் செய்திருக்கலாம் என்றனர்.

ஐ.சி. 310 மற்றொரு வியப்பு அளித்தது. அதன் தாரை நம்மை நோக்கியே குறி வைத்தாற்போல் இருப்பது தெரிய வந்தபோது, அது வாலுள்ள திரள்தானா என்றே சிலர் ஐயுற்றனர். 2020இல் மேரி லூ ஜென்ட்ரான் மார்சொலே என்னும் வானியலாரும் அவர் குழுவினரும் நியூ மெக்சிகோ ஏரியல்களைக் கொண்டு பெர்சியஸின் புதிய படத்தை வெளியிட்டனர். ஐ.சி. 310இன் வாலில் இரண்டு மெல்லிய தாரைகள் தனித்தனியே தெரிந்தன. அதுவும் ஓடும் திரளே. அதன் தாரைகளும் வளைந்தவையே. நாம் அதை ஏறக்குறைய நேர் எதிரிலிருந்து பார்க்கிறோம் என்பதே வேறுபாடு. என்.ஜி.சி. 1265இன் வால் முழுவதிலும் நூல் நூலாக இழைகள் காணப்பட்டன. அவை ஏன் உண்டாயின என்பதை இனித்தான் ஆராய வேண்டும்.

சி.ஆர். 15? முதல் விளக்கத்தைப் பொய்யாக்கிய அந்தச் சிறிய திரளையும் அவர்கள் பார்த்தார்கள். அதன் வால் அவர்கள் படத்திலும் தெரிந்தது. அதில் இரண்டு தாரைகள் இருப்பதற்கான அடையாளம் எதுவும் தென்படவில்லை.